மணிக்குப் பசிக்கிறது

எடை மெஷினில் 43.5 என்று வந்தது. டாக்டரம்மா நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவன் இன்னும் எத்தனை வருஷம் உங்களோடு இருக்கவேண்டும் என்று ஆசை?" என்று இந்தியில் கேட்டார்.

தெற்கு தில்லியில் பல வருடங்களாக நாய் வைத்தியம் பார்க்கிறவர். நாய்களிடம் கொஞ்சிப் பேசுவார், அவற்றை அழைத்து வருபவர்களிடம் பேசமாட்டார். "லாப்ரடார் என்றாலே கொஞ்சம் பூசினாற்போலத்தானே இருக்கும்?" என்று மழுப்பினேன். அவர் என் கையைப் பிடித்து மணியின் விலாவில் வைத்தார். "எலும்பு எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்." தேடினேன். மெத்தை மாதிரி இருந்தது. எலும்பு அகப்படவில்லை. நன்கு வளர்ந்த ஓர் ஆண் லாப்ரடார் 29-லிருந்து 36 கிலோவுக்குள் இருக்கவேண்டும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரியவேண்டும். மணியை மேலிருந்து பார்த்தால் கல்யாண வீட்டு ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்தது போலிருந்தான்.

இது நடந்தது 2023 பிப்ரவரியில். மணிக்கு அப்போது ஏழு வயது தாண்டியிருந்தது.

அவன் எங்களிடம் வந்தது 2015 நவம்பரில். குர்காவ் பக்கம் ஒரு வீட்டில் வாங்கினோம். 45 நாள் குட்டி, பன்னிரண்டாயிரம் ரூபாய். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அது வேறு இடத்தில் இருக்கிறது" என்றார் விற்றவர். அந்த இடத்திலேயே நாங்கள் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் உள்ளங்கையில் ஒரு லாப்ரடார் குட்டியை வைத்துக்கொண்டு திரும்பி நடக்கிற மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கையோடு ஒரு சான்றிதழும் கொடுத்தார். பாட்டன், முப்பாட்டன் பெயரெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பாட்டன்களின் இடுப்பு எலும்பை யாராவது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்களா என்பது மட்டும் இல்லை. 2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை ஈனவிடக்கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. நல்ல விதிகள்தான். '45 நாள் லாப் குட்டி ரெடி' என்று என் போனுக்கு இன்றும் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெயர் வைத்தது அம்மா. மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையடியில் படுத்திருந்த நாய்கள் எல்லாமே மணிதான். ஒரு மணி போனால் இன்னொரு மணி வரும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்கள் காதில் அது 'மனி' என்று விழுந்தது. நாய்க்குப் பணம் என்று பெயர் வைத்த மதராஸிகள் என்று காலனியில் எங்களுக்கு ஒரு தனி மரியாதை.

லாப்ரடார் என்ற பெயரே தவறான முகவரி. இந்த நாயின் மூதாதையர்கள் லாப்ரடாரைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதற்குத் தெற்கே, இன்று கனடாவில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்களிடம் வளர்ந்தவர்கள். தூண்டிலிலிருந்து நழுவும் மீனைப் பிடித்து வருவதும், பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் குதித்து வலைக்கயிற்றை இழுத்து வருவதும் அவற்றின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய், சுட்டு வீழ்த்திய வாத்துகளைச் சேதமில்லாமல் கவ்வி வரப் பழக்கினார்கள். 1903-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் தனி இனமாக அங்கீகரித்தது. குளிர் கடலுக்காகவே செய்த உடம்பு. உள்ளே கம்பளி போல் ஒரு ரோமம், அதன் மேல் தண்ணீர் ஒட்டாத இன்னொரு ரோமம். விரல்களுக்கு இடையில் ஜவ்வு. படகின் சுக்கான் மாதிரி தடித்த வால்.

இந்த உடம்பைத்தான் நாம் மே மாதத் தில்லியில், 45 டிகிரியில், டி.டி.ஏ. ஃபிளாட்டின் இரண்டாவது மாடியில் வைத்து வளர்க்கிறோம்.

நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றவேண்டும். 2019 ஜூனில் ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன். வழக்கமாக ஐந்து மணிக்குக் கூட்டிப்போகிறவன், அன்று ஏழரைக்குப் போனேன். காலனியை ஒரு சுற்று முடிப்பதற்குள் மணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். பிறகு படுத்தான். நாக்கு கருஞ்சிவப்பாகிவிட்டது, கண் எங்கேயோ போயிருந்தது. நான் பதறிக்கொண்டு காரை எடுக்க ஓடினேன். காலனிக் காவலாளி, பிகாரி, நாய் வளர்த்தவர் இல்லை, எருமை வளர்த்தவர். தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து மணியின் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் அடித்தார். அட்டையால் விசிறினார். "வண்டியெல்லாம் அப்புறம், சாப். முதலில் சூடு இறங்கட்டும்" என்றார். பிறகு டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். முதலில் குளிர்வி, பிறகு கொண்டு வா. அன்று மணியைக் காப்பாற்றியது குழாய்த் தண்ணீர்தான்.

அதன்பிறகு தார்ச்சாலையில் இறங்குமுன் என் புறங்கையை அதில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். வெயிலுக்கு நல்லது என்று முடியை ஒட்ட வெட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்த இரட்டை ரோமம்தான் வெயிலையும் தடுக்கிறது. சீப்பால் வாரி, உதிர்ந்ததை எடுத்தால் போதும். லாப்ரடாருக்கு முடி உதிராது என்று யாராவது சொன்னால் அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள், சாம்பாரில் எடுத்துக் காட்டுகிறோம்.

உண்ணிக் காய்ச்சல் பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. மழைக்காலம் முடிகிற நேரம், நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், அதுவும் லாப்ரடார் சாப்பிடாமல் படுத்தால், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ஆட்டோ பிடியுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய்தான். தாமதமானால் ரத்தம் ஏற்றவேண்டி வரும். மணிக்கு ஒரு தடவை வந்து போயிற்று.

இதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆபத்துகள். மணியின் உண்மையான ஆபத்து எங்கள் சமையலறையில் இருந்தது.

அப்பா இறந்த பிறகு, 2014-ல், அம்மாவைத் தில்லிக்குக் கூட்டி வந்தேன். நாற்பத்தைந்து வருடம் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவள். இங்கே நானும் மனைவியும் காலையில் ஒரு டோஸ்டைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். பையனுக்கு ஹாஸ்டல். அம்மாவுக்கு இந்தி தெரியாது. "இந்த ஊர்ல என்னோட பேச ஒரு ஜீவன் இல்ல தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், மணி வந்த பிறகு அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். அவனுக்குத் தமிழ்தான் புரியும். 'உக்காரு' என்றால் உட்காருவான். 'சிட்' என்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பான்.

அம்மா தோசைக்கல்லைப் போட்டால் மணி சமையலறை வாசலில் வந்து உட்காருவான். உட்கார்ந்து பார்ப்பான். அந்தப் பார்வையை வர்ணிக்கப்போவதில்லை, லாப்ரடார் வளர்த்தவர்களுக்குத் தெரியும். "வாயில்லா ஜீவன், பாத்துக்கிட்டே இருக்கு. அத வச்சுக்கிட்டு நான் எப்படிடா சாப்பிடறது?" முதல் தோசை அவனுக்கு. கருகினது அவனுக்கு. நன்றாக வந்தால் அதிலும் ஒரு விள்ளல்.

அம்மா கொடுத்ததில் சில வெறும் கொழுப்போடு நிற்கிற விஷயம் இல்லை. சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் சாதம் அவனுக்கு உயிர். வெங்காயம், வேகவைத்தாலும் சரி, நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு பொங்கலன்று பாயசத்தில் போடுவதற்காக வைத்திருந்த உலர்ந்த திராட்சையைப் பொட்டலத்தோடு தின்றுவிட்டான். ஒரு சகுனமும் இல்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய பொருள் அது. டாக்டரம்மா வாந்தி எடுக்க வைத்து, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார். அவன் தப்பித்தான். சாக்லேட்டையும், நமக்குப் போடுகிற வலி மாத்திரைகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிப்ரவரிக்கு வருகிறேன். அன்று எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இடுப்பு மூட்டில் பந்தும் கிண்ணமும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. பெரும்பாலும் பரம்பரையாக வாய்க்கிற கோளாறு, லாப்ரடார்களிடம் சாதாரணமாகக் காண்பது. அதன்மேல் பத்துக் கிலோ கூடுதலாக ஏற்றி வைத்திருந்தோம். மூட்டு தேய்ந்து வாதம் ஆரம்பித்திருந்தது. படியேறும்போது அவன் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதிப்பதைச் செல்லம் என்று நினைத்து நாங்கள் வீடியோ எடுத்து வைத்திருந்தோம்.

"பசிக்கிறது என்று கேட்கிறானே டாக்டர்" என்றேன்.

"அவன் எப்போதும் கேட்பான்" என்றார்.

அது வெறும் பேச்சு இல்லை. 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லாப்ரடார்களை ஆராய்ந்து, ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கண்டார்கள். பி.ஓ.எம்.சி. என்று அதற்குப் பெயர். 'போதும்' என்று மூளைக்குச் செய்தி சொல்கிற வேலையில் அதற்குப் பங்கு உண்டு. 2024-ல் வெளிவந்த அடுத்த ஆய்வுக்காக ஒரு வேடிக்கையான பரீட்சை வைத்தார்கள். ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் ஒரு சாசேஜ். பார்க்கலாம், முகரலாம், தின்ன முடியாது. அந்த மரபணுக் குறை உள்ளவை மற்றவற்றைவிடக் கூடுதலாக முட்டி மோதிப் பார்த்தன. அதுவுமில்லாமல், சும்மா இருக்கும்போது அவற்றின் உடம்பு செலவழிக்கும் சக்தி மற்றவற்றைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு. பசி அதிகம், செலவு கம்மி. இன்னொரு தகவல்தான் என்னை யோசிக்க வைத்தது. பிரிட்டனில் ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கப்பட்ட லாப்ரடார்களைப் பார்த்தபோது நான்கில் மூன்றுக்கு இந்தக் குறை இருந்தது. ஒரு துண்டு தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்ளும். 'எவ்வளவு புத்திசாலி, எவ்வளவு சமத்து' என்று நாம் மெச்சுவதில் பசிக்கும் பங்கிருக்கிறது.

மணிக்கு அந்தக் குறை உண்டா என்று நாங்கள் சோதிக்கவில்லை. சோதித்து என்ன ஆகப்போகிறது? டாக்டரம்மா செய்யச் சொன்னது வேறு. ஒரு நோட்டை ஃபிரிட்ஜில் கட்டித் தொங்கவிட்டு, மணிக்கு யார் எதைக் கொடுத்தாலும் ஒரு வாரத்துக்கு எழுதவேண்டும். பொய் எழுதக்கூடாது.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு நடை முடிந்ததும் நான், இரண்டு மாரி பிஸ்கட். ஆறு மணிக்குக் காப்பியோடு அம்மா, இரண்டு மாரி பிஸ்கட். ஏழுக்கு மனைவி, அவனுடைய கிண்ணம் நிறைய நாய்த் தீனி, அதன்மேல் தயிர். எட்டுக்கு அம்மா, ஒன்றரை தோசை. பத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண், அவளுடைய ரொட்டியில் பாதி. மத்தியானம் சாதம். நாலு மணிக்கு மறுபடி காப்பி, மறுபடி பிஸ்கட். சாயங்கால நடையில் காவலாளியின் ரொட்டி, இது நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே வந்து ஒப்புக்கொண்டது. ராத்திரி மறுபடி கிண்ணம். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் 'ஏதோ துளி' கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். விதை அகற்றும் ஆபரேஷன் செய்த நாய்க்குத் தேவை குறையும், பசி குறையாது. மணிக்கு அதுவும் ஆகியிருந்தது. அவன் இளைக்க ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் கலோரி போதும் என்றார் டாக்டரம்மா. நோட்டின்படி மூன்று நாயை வளர்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது, நினைத்ததைவிட மோசமாகப் போயிற்று. "நான் கொடுத்துதான் அதுக்கு இடுப்பு போச்சுன்னு சொல்றியா?" என்று கேட்டாள். நான் அமெரிக்க ஆராய்ச்சியை எடுத்து விட்டேன். பியூரினா கம்பெனி 48 லாப்ரடார் குட்டிகளை, கூடப்பிறந்தவையாகப் பார்த்து ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்குக் கால் பங்கு குறைத்துப் போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்த ஆராய்ச்சி. 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகத் தின்றவை நடுத்தரக் கணக்கில் ஒன்றே முக்கால் வருடத்துக்கும் மேல் அதிகம் வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. "கால் வயித்துக் கஞ்சிய மிச்சம் புடிச்சு ரெண்டு வருஷம் கூட இருந்து என்ன பண்ணுமாம்?" என்றாள் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள். மணி வெளியே கதவில் மூக்கை வைத்துப் படுத்திருந்தான்.

நாலாம் நாள் ராத்திரி நடை முடிந்து வரும்போது முதல் மாடித் திருப்பத்தில் மணி உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க முயன்றான், பின்கால் வழுக்கியது. மறுபடி முயன்றான். 43 கிலோவை என்னால் தூக்க முடியவில்லை. சத்தம் கேட்டு அம்மா இறங்கி வந்தாள். கடைசியில் அவளுடைய பழைய நூல் புடவையை மடித்து அவன் வயிற்றுக்கடியில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். பதினெட்டுப் படி. அம்மா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலையில் நாய்த் தீனி டப்பாவில் அம்மாவின் ஆழாக்கு கிடந்தது. மன்னார்குடியிலிருந்து கொண்டு வந்த பித்தளை ஆழாக்கு. "டாக்டரம்மாகிட்ட கேளு, இதால எத்தன போடணும்னு. இனிமே நான்தான் அளப்பேன். வேற யாரும் அவன் கிண்ணத்துல கை வைக்கக்கூடாது." அதுவரை அவளுக்கு மணி 'அது'வாக இருந்தான்.

டாக்டரம்மா என் வாழ்க்கையில் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஆழாக்கை அவர் மேஜையில் வைத்தபோதுதான். தீனியைக் கொட்டி எடை போட்டு, காலையில் இவ்வளவு, ராத்திரி இவ்வளவு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தோசை நேரத்துக்கு வெள்ளரிக்காய், கேரட், அவித்த பூசணி. உப்பு கூடாது. தரையில் வழுக்காமலிருக்க ஹாலில் பாய் விரித்தோம். பந்து வீசி ஓடவிடுவதை நிறுத்தி, மெதுவாக நடக்க வைத்தோம். காவலாளி இப்போது ரொட்டிக்குப் பதில் காது சொறிந்துவிடுகிறார். மணி இரண்டையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டான் என்று சொல்லமாட்டேன்.

43.5 கிலோ 33 ஆகப் பதினான்கு மாதம் பிடித்தது.

இதற்கெல்லாம் முன்னால் 2022-ல் '777 சார்லி' என்ற கன்னடப் படம் எல்லா மொழியிலும் வந்து எல்லாரையும் அழவைத்தது. குட்டிகளை உற்பத்தி செய்து விற்கிற ஒருவனிடமிருந்து தப்பி வரும் லாப்ரடாரின் கதை. அதைப் பார்த்துவிட்டு வந்த என் அலுவலக நண்பர் மறுவாரமே எங்கே லாப் குட்டி கிடைக்கும் என்று விசாரித்தார். படத்தில் என்ன பார்த்தார் என்று எனக்குப் புரியவில்லை. 'வீட்டுக்கு ஏற்ற சாதுவான நாய்' என்று சொல்கிறார்கள், அது உண்மைதான். 1993 மும்பைக் குண்டுவெடிப்புகளின்போது மூவாயிரம் கிலோவுக்கு மேல் ஆர்.டி.எக்ஸைக் கண்டுபிடித்துக் கொடுத்த போலீஸ் நாய் ஜஞ்சீர் ஒரு லாப்ரடார். அத்தனை மூக்கும், அத்தனை துடிப்பும் உள்ள பிராணியை நாள் முழுக்க ஒரு பால்கனியில் பூட்டிவிட்டு, அது சோபாவைக் கிழித்துவிட்டது என்று புகார் சொல்கிறோம். இரண்டு மாதத்தில் உள்ளங்கையில் இருந்தது ஒரு வயதில் முப்பது கிலோவாகி, கயிற்றோடு நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடும். டாக்டரம்மாவின் கிளினிக் வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போன லாப்ரடார்களை நானே மூன்று பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் குற்றத்துக்கு அதில் எழுதியிருக்கிற அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை.

நண்பரிடம் அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குட்டிதான் வேண்டும் என்றார். அப்படியானால் தாயைப் பாருங்கள், தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள் என்றேன். விற்பவர் சிரிப்பார், சிரித்தால் வந்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாங்கினாரா என்று தெரியாது.

மணிக்கு இப்போது பத்து வயது. முகவாய் வெளுத்துவிட்டது. மாதம் ஒரு ஊசி, தினம் ஒரு மாத்திரை. இரண்டு மாடியை நடுவில் ஒரு தடவை நின்று ஏறிவிடுகிறான். மழை நாளில் மட்டும் புடவை தேவைப்படுகிறது. அம்மாவுக்கும் முழங்கால் வலி வந்துவிட்டதால் இருவரும் ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள், திருப்பத்தில் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள்.

இன்று காலையிலும் அம்மா தோசை வார்த்தாள். மணி வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, அவனுக்குத் தெரியும்படி பலகையில் வைத்து, மெல்லிசாக, நிறையத் துண்டு வருகிற மாதிரி நறுக்கினாள். "பன்னெண்டு" என்று எண்ணினாள். அவன் பன்னிரண்டையும் தின்றுவிட்டுத் தோசைக்கல்லைப் பார்த்தான்.

"பாக்காதடா" என்றாள் அம்மா.